அணிப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு படம்

வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் உள்ள பேஸ்பால் மைதானத்துக்குக் கேமராவுடன் நான் போகத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நான் பத்திரிகைக்காரன் அல்லன். அணி நியமித்த புகைப்படக்காரனும் அல்லன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மற்ற ரசிகர்களோடு உட்கார்ந்து, அந்த இருக்கையிலிருந்தே படம் எடுக்கிறவன். இத்தனை ஆண்டுகளில் எனக்குள் உறுதிப்பட்டுவிட்ட ஒரு கருத்தை எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். மைனர் லீக் ஆட்டங்களைப் படமெடுக்கும் ரசிகர் நாளைய நட்சத்திரத்தைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. அணிப் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரையும், சீசன் முடிவதற்குள், முகம் தெளிவாகத் தெரியும்படி ஒரு நல்ல படமாவது எடுத்துவிட வேண்டும்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு மைனர் லீக் என்றால் என்னவென்று விளக்க ரஞ்சிக் கோப்பையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது முழுவதும் பொருந்துவதில்லை. ரஞ்சியில் ஆடும் தமிழ்நாடு அணி தனக்காகவே ஆடுகிறது. வெற்றியும் தோல்வியும் அதற்கே உரியவை. இங்கே ஆட்டக்காரரின் ஒப்பந்தம் மேலே இருக்கும் மேஜர் லீக் அணியின் கையில் இருக்கிறது. முப்பது மேஜர் லீக் அணிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிகளில் நான்கு அணிகள், ஆக மொத்தம் 120 அணிகள் என்பது 2021 முதல் உள்ள ஏற்பாடு. நான் படமெடுக்கும் டர்ஹம் புல்ஸ் அணி 1998 முதல் டாம்பா பே அணியின் டிரிபிள் ஏ கிளையாக இருக்கிறது. அதாவது, மேஜர் லீகுக்கு ஒரே ஒரு படி கீழே. மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் மாலை ஆட்டத்தில் அந்த ஆட்டக்காரர் இருக்க மாட்டார். மேலே போயிருக்கலாம், கீழே இறக்கப்பட்டிருக்கலாம், ஒப்பந்தமே முடிக்கப்பட்டிருக்கலாம். நேற்று உட்கார்ந்து படமெடுத்த ஆளை இன்று தேடினால் அவருடைய எண்ணைப் போட்டுக்கொண்டு வேறொருவர் நிற்பார்.

இந்த மைதானத்தின் பெருமை என்று சொல்லும்போது எல்லோரும் மேலே போனவர்களைத்தான் எண்ணுகிறார்கள். இவான் லோங்கோரியா, டேவிட் பிரைஸ், பிளேக் ஸ்னெல் ஆகியோர் இங்கே ஆடிவிட்டுப் போனவர்கள். புல்ஸ் அணி அட்லாண்டாவின் கிளையாக இருந்த காலத்தில், 1992இல், சிப்பர் ஜோன்ஸ் டர்ஹமின் பழைய மைதானத்தில் ஆடினார். 2024இல் ஜூனியர் கமினேரோ இங்கே ஆடினார். அடுத்த ஆண்டே அவர் டாம்பா பே அணிக்காக 45 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை) அடித்தார். அப்படி ஒருவர் பட்டியலில் இருக்கும் வாரத்தில் மைதானத்தில் உள்ள லென்ஸ்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். நானும் திருப்பியிருக்கிறேன், அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கமினேரோவுக்கு என் படம் தேவையில்லை. அவர் பந்தைத் தொடும் ஒவ்வொரு கணத்தையும் எடுக்க மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஏழாவது இன்னிங்ஸில் வந்து பன்னிரண்டு பந்து வீசிவிட்டுப் போகும் முப்பது வயது பிட்சருக்கு அப்படி யாரும் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் இழப்பின் வழியாக. சில ஆண்டுகளுக்கு முன், அப்படிப்பட்ட ஒரு பிட்சரின் ஒப்பந்தம் ஆகஸ்ட் மாதத்தில் முடிக்கப்பட்டது. அவர் பேஸ்பாலையே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். என்னுடைய படங்களை இணையத்தில் பார்த்திருந்த அவருடைய அக்கா, தம்பி டர்ஹம் சட்டையில் இருக்கும் படம் ஏதாவது இருக்கிறதா என்று எழுதிக் கேட்டார். அந்த சீசனில் நான் எடுத்து வைத்திருந்த ஏறத்தாழ ஒன்பதாயிரம் படங்களையும் இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். அவருடைய முதுகு மட்டும் தெரியும் ஒரு படம் கிடைத்தது. அதிலும் ஃபோகஸ் அவருக்குப் பின்னால் நின்ற ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரின் மேல் இருந்தது. அதைத்தான் அனுப்பினேன். அக்கா நன்றி சொல்லிப் பதில் எழுதினார், அந்த நன்றியைப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆண்டு அந்தத் தம்பி என் கண் முன்னே இருபது தடவையாவது பந்து வீசியிருப்பார்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். ஏப்ரலில் அணிப் பட்டியல் வந்ததும் பெயர்களை எழுதுவேன். நல்ல படம் கிடைத்ததும் பெயருக்கு எதிரே தேதியைக் குறிப்பேன். மைனர் லீக் சட்டைகள் பலவற்றில் முதுகில் பெயர் இருப்பதில்லை, ஒரே எண்ணை ஒரே சீசனில் இரண்டு மூன்று பேர் அணிவதும் வழக்கம். எண்ணை மட்டும் நம்பினால் அடுத்த ஆண்டே யார் யார் என்று தெரியாமல் போய்விடும். 2021 முதல் ஒரே எதிரணியுடன் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஆறு ஆட்டங்கள், திங்கள் ஓய்வு என்று அட்டவணை அமைந்திருப்பது இந்த வேலைக்கு மிகவும் உதவுகிறது. ஆட்டக்காரர்கள் ஓடித் தொட வேண்டிய மூலைகள்தான் பேஸ்கள்; ஒரு நாள் முதல் பேஸ் பக்கம், மறு நாள் அதற்கு எதிரே உள்ள மூன்றாம் பேஸ் பக்கம் என்று இடம் மாறி உட்கார முடிகிறது. வலக்கை பேட்டரின் மார்பும் முகமும் முதல் பேஸ் பக்கம் திறந்திருக்கும். இடக்கை பேட்டருக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். பேஸில் ஆள் நிற்கும்போது வலக்கை பிட்சர் மூன்றாம் பேஸைப் பார்த்துத்தான் நிற்பார். இதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் வாங்குவது விலை உயர்ந்த லென்ஸ் வாங்குவதைவிடப் பலன் தரும்.

கிரிக்கெட்டைப் படமெடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே முதலில் கை தடுமாறும். அங்கே வேகப்பந்து வீச்சாளர் ஓடி வரும் நேரம் நமக்கும் தயாராகக் கிடைக்கும் நேரம். இங்கே பிட்சர் மேட்டில் நின்றபடியே காலைத் தூக்கி வீசுகிறார், 18.44 மீட்டர் தூரத்தில், பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கு, மணிக்கு 95 மைல் வேகத்தில், பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்துவிடுகிறது. மட்டை பந்தைத் தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால் பந்து படத்தில் இருக்காது. பேட்டரின் முன்கால் தரையில் ஊன்றும்போதே அழுத்த வேண்டும். அதற்கு அந்த பேட்டர் எப்படி நிற்பார், எப்போது காலை எடுத்து வைப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் வருகிற ரசிகருக்குத்தான் அது தெரியும்.

2022இல் டிரிபிள் ஏ ஆட்டங்களுக்கு வந்த பிட்ச் கடிகாரம் என் வேலையை மாற்றிவிட்டது. பேஸ்கள் காலியாக இருந்தால் 14 நொடிக்குள் பிட்சர் வீசத் தொடங்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. அதற்கு முன்பு, ஹோம் ரன் கொடுத்துவிட்ட பிட்சர் மேட்டுக்குப் பின்னால் இறங்கிப் போய், பந்தை இரண்டு உள்ளங்கைகளாலும் தேய்த்தபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். என் நல்ல படங்களில் பாதி அந்த நேரத்தில் எடுத்தவை. ஆட்டம் விரைவாக முடிவதை நான் வரவேற்கிறேன், குழந்தைகளோடு வருபவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் ஒரு மனிதன் தோற்றுவிட்டு மறுபடி தன்னைத் திரட்டிக்கொள்ளும் முகத்தை இப்போது மைதானத்தின் நடுவில் பார்ப்பது அரிதாகிவிட்டது. அதைத் தேடி நான் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் ஓரத்துக்கும், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பிட்சர்கள் வீசிப் பழகும் புல்பென் பக்கத்துக்கும் போகிறேன். புதிய விதிகள் புதிய படங்களையும் தருகின்றன. வீசிய பந்து சரியான எல்லைக்குள் வந்ததா என்ற நடுவரின் தீர்ப்பை எதிர்த்து, பந்தின் பாதையை அளக்கும் கருவியின் முடிவைக் கேட்க விரும்பும் ஆட்டக்காரர் தன் தலைக்கவசத்தை விரலால் தட்டுவார். மேஜர் லீகுக்கு 2026இல் வந்த இந்த முறையை டிரிபிள் ஏ ரசிகர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துப் பழகிவிட்டோம். தட்டிவிட்டுப் பெரிய திரையை அண்ணாந்து பார்க்கும் அந்தச் சில நொடிகளில் பேட்டர், கேட்சர், நடுவர் மூவரின் முகங்களும் ஒரே திசையில் இருக்கும்.

ரசிகர்களைக் காக்கக் கட்டியிருக்கும் வலையைப் படமெடுப்பவர்கள் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. 2007 ஜூலையில், ஆர்கன்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு டபுள் ஏ ஆட்டத்தில், முதல் பேஸ் அருகே நின்ற டல்சா அணியின் பயிற்சியாளர் மைக் கூல்பா பந்து கழுத்தில் பட்டு இறந்தார். பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளர்கள் இன்று தலைக்கவசம் அணிவது அதனால்தான். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு, பந்தையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு நேர்ந்தது அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்ப்பவர் எம்மாத்திரம்? லென்ஸை வலைக்கு மிக அருகில் கொண்டுபோய், ஒளி நுழையும் துளையான அப்பர்சரை முழுவதும் திறந்து வைத்தால் வலை படத்தில் கரைந்துவிடும். வெயில் நேராக விழுந்து வலை மின்னும் இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்.

லென்ஸ் அளவைப் பற்றி ஒரு வருத்தம் எனக்கு உண்டு. வேறோர் ஊரின் மைதான வாயிலில், என் கேமரா தொழில்முறைக் கருவி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நாற்பது மைல் வண்டி ஓட்டிப் போயிருந்தேன். பின்னால் இருப்பவரின் பார்வையை மறைக்கக் கூடாது, படங்களை விற்கக் கூடாது என்று விதி போட்டால் நான் முழு மனதோடு கட்டுப்படுவேன். லென்ஸின் நீளத்தை வைத்து ரசிகரின் நோக்கத்தை முடிவு செய்வது சரியல்ல.

நான் எடுத்த படத்துக்கு இதுவரை காசு வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டேன். ஆட்டக்காரர்களின் ஊதியம் எவ்வளவு என்று தெரிந்த எவருக்கும் அவர்களின் குடும்பத்திடம் காசு கேட்க மனம் வராது. 2022இல் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் போடும் வரை, டிரிபிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலர். ஒப்பந்தத்துக்குப் பிறகு அது 35,800 ஆனது. சிங்கிள் ஏ நிலையில் 11,000 ஆக இருந்தது 26,200 ஆனது. டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்து ஆடும் இளைஞர்களின் பெற்றோர் பலர், மகன் இந்த நாட்டில் ஆடுவதை ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்கு அனுப்பும் படத்தில் என் பெயரைக்கூட நான் பொறிப்பதில்லை.

ஆட்டக்காரர்கள் போவதைப் போல அணிகளும் ஊரைவிட்டுப் போகின்றன. எங்களுக்குக் கிழக்கே உள்ள கின்ஸ்டன் சிறிய நகரம். அதன் கிரேஞ்சர் மைதானம் 1949இல் கட்டப்பட்டது. அங்கே இருந்த கின்ஸ்டன் இந்தியன்ஸ் அணி 2011 சீசனுடன் போய்விட்டது. 2017இல் வுட் டக்ஸ் என்ற பெயரில் மறுபடி ஓர் அணி வந்தது, 2024 சீசன் முடிந்ததும் அதுவும் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் நகருக்குப் போனது. கின்ஸ்டன் 2011இல் இழந்த இடத்தைப் பெற்ற செபுலன் ஊரும் தப்பவில்லை. அங்கே ஆடிய மட்கேட்ஸ் அணி 2025உடன் வெளியேறி, வில்சன் நகரின் புதிய மைதானத்துக்கு வேறு பெயரில் குடிபெயர்ந்தது. பழைய மைதானங்கள் இன்றைய வசதித் தேவைகளுக்குப் போதவில்லை என்பதில் நியாயம் இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு நல்ல உடைமாற்றும் அறையும் பயிற்சிக் கூடமும் வேண்டும். ஆனால் இரண்டு ஊர்களிலும் கடைசி சீசனில் நான் போனபோது, ஆட்டத்தைவிட மற்றவற்றையே அதிகம் எடுத்தேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்த முதியவர், இன்னிங்ஸ் இடைவேளையில் மண்ணைச் சமப்படுத்தியவர்கள், முப்பது ஆண்டுகளாக அதே இருக்கை என்று கையைத் தட்டிக் காட்டிய அம்மா. அணிகளின் சொந்தப் புகைப்படக்காரர்கள் அடுத்த மைதானத்தின் அறிவிப்புக்கான படங்களில் மும்முரமாக இருந்த நேரம் அது.

கேரி, மாரிஸ்வில் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் கோடை மாலைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டர்ஹம் வருவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் கைப்பேசியிலேயே படங்கள் இருக்கும். வீடு திரும்பியதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, படத்தில் இருப்பவரின் பெயர், ஆட்டத் தேதி, எதிரணி ஆகிய மூன்றையும் அதிலேயே எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் எண்ணையும் தேதியையும் எனக்கு அனுப்புங்கள், என் நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.