நீட்டு நோட்டும் கார்டு நம்பரும்

பாண்டிச்சேரி குருசுக்குப்பத்துல நாலு ரூம் வச்சு சின்னதா கெஸ்ட் ஹவுஸ் நடத்துறோம். போன லாங் வீக்எண்டுக்கு பெங்களூர்ல இருந்து ரெண்டு ரூம் புக் பண்ணவங்க வரவும் இல்ல, போனும் எடுக்கல, அவங்கள நம்பி வாசல்ல வந்து கேட்டவங்கள எல்லாம் திருப்பி அனுப்பிச்சேன், வயிறு எரியுது. உடனே எங்க மாமா, "அப்பல்லாம் மாதிரி கார்டு நம்பர வாங்கி வச்சிருந்தா ஒரு நாள் வாடகையாவது இழுத்திருக்கலாம்ல"ன்றாரு.

அப்பல்லாம்னா என்ன தெரியுமா? ரிசப்ஷன்ல கெடந்த ஒரு நீட்டு நோட்டு. கெஸ்ட் போன்ல சொல்ற 16 நம்பர், எக்ஸ்பைரி, கார்டுக்குப் பின்னாடி இருக்க 3 நம்பர் ரகசிய கோடு, அதான் சிவிவி, அது வரைக்கும் பேனாவால எழுதி வச்சிருப்போம், தண்ணி கேன் போடுற தம்பி கூட புரட்டிப் பாக்கலாம். பேமெண்ட் முடிஞ்சா சிவிவிய கடைக்காரன் வச்சிருக்கவே கூடாதுன்றது கார்டு கம்பெனிங்க ரூல், எனக்கு அப்ப தெரியாது. இப்ப நெனச்சா பகீர்ங்குது.

2022 அக்டோபர் 1ல இருந்து கடைக்காரங்க கார்டு நம்பர சேத்து வைக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் நிறுத்திடுச்சு. கடைசி 4 நம்பரும் பேங்க் பேரும் கணக்குக்கு வச்சுக்கலாம், மத்ததுக்கு டோக்கன், அதாவது கார்டு நம்பருக்கு பதிலா வர்ற ஒரு கோடு. கெஸ்ட் ஓடிபி போட்டு சரின்னா தான் அதுவும் வரும், எங்க கடைக்குன்னு வந்த டோக்கன் வேற கடையில செல்லாது, திருடுனவனுக்கு பிரயோஜனமே இல்ல. ஆனா மாமா நெனைக்கிற மாதிரி டோக்கன வச்சுக்கிட்டு நம்ம இஷ்டத்துக்கு இழுக்கவும் முடியாது, நம்மூர் கார்டுன்னா மறுபடியும் ஓடிபி கேக்கும். மாசாமாசம் தானா போற இ-மேண்டேட் வேற கதை, அதுக்கே மொதல்ல ஒரு ஓடிபி, ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ், வேணாம்னா கேன்சல். ஃப்ரீ டிரையல்னு ஒரு ஆப்ல மாட்டி நான் காசு விட்டதே அந்த மெசேஜ பாக்காம தள்ளிவிட்டதால தான், அது என் தப்பு.

பாரீஸ்ல இருந்து வருஷா வருஷம் வர்ற சொல்தா வீட்டு (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க குடும்பம்) பெரியம்மா ஒருத்தங்க, "என் கார்டுலயே எடுத்துக்கயேன் கண்ணு, சும்மா சும்மா கேக்காத"ம்பாங்க. பாசம் தான், ஆனா எதுக்கு, எவ்ளோ, எப்பன்னு பேசாம குடுக்குறத சம்மதம்னு நான் எடுத்துக்க மாட்டேன். அதே மாதிரி தான் "சம்மதம்"ன்ற கட்டத்துல நாமளே டிக் அடிச்சு வச்சு கெஸ்ட்கிட்ட நீட்டுறதும், அதுவும் சம்மதம் இல்ல.

இப்ப ஒரு நாள் வாடகைய லிங்க் அனுப்பி அட்வான்ஸா வாங்கிடுறோம், எப்ப வரைக்கும் கேன்சல் பண்ணா திருப்பித் தருவோம்னு வாட்ஸப்ல தமிழ்லயே போட்டுடுறேன். அட்வான்ஸ்னதும் பக்கத்து தெருவுக்குப் போறவங்களும் இருக்காங்க, போகட்டும்.

நீட்டு நோட்ட போகியன்னிக்கு எரிச்சுட்டேன். பழைய பாக்கி கணக்கும் அதுல தான் இருந்துச்சாம், மாமா இன்னும் என்கிட்ட சரியா பேசல 😄