அவன் பயந்துவிட்டானாம்

நான் பயிற்சி கொடுக்கிற பையன் மோட்டோகிராஸில், அதாவது மண் மேடுகளில் பைக் ஓட்டும் பந்தயத்தில், ஓட்டிய அந்தப் பன்னிரண்டு விநாடி வீடியோவை நான்கு நாளாக மாற்றி மாற்றி எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதும். நான் பார்க்க வேண்டியதில்லை, அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

கடைசி லேப். நம்ம பையன் முதலிடம். டேபிள் டாப்புக்கு, மேல்பக்கம் தட்டையாக இருக்கிற அந்தக் குதிக்கும் மேட்டுக்கு, முன்னால் ஆக்சிலேட்டரைக் குறைக்கிறான், மேட்டில் உருண்டு ஏறி உருண்டு இறங்குகிறான். பின்னால் வந்தவன் அவன் தலைக்கு மேல் பறந்து போகிறான். வீடியோ மேலே எழுத்து: "காட்பாடி சிங்கம் பயந்துடுச்சு". கீழே சிரிப்புப் பொம்மைகள். அழகு.

இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் துணி ஆடுகிறதே, அது யார் கண்ணிலாவது பட்டதா? மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் வண்டிக்கு அடியில் கிடந்தான். இந்தப் பக்கம் இருந்து வருகிறவனுக்கு அது தெரியாது. தெரியாது என்பதால்தான் கொடி. மஞ்சள் கொடி ஆடினால் குதிக்கக் கூடாது, முந்தக் கூடாது. மோட்டோகிராஸில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அவன் பயப்படவில்லை, முடிவெடுத்தான்.

"அரை விநாடியில என்ன முடிவு, கை தானா குறைச்சிருக்கும்" என்று ஒரு அறிஞர் எழுதியிருக்கிறார். சரியாகச் சொன்னீர்கள் ஐயா, கை தானாகத்தான் குறைத்தது. அதற்குத்தான் முந்தின நாள் சாயங்காலம் வண்டி இல்லாமல் செருப்புக் காலோடு டிராக் முழுக்க நடந்தோம். மண் எங்கே இளகல், எந்தத் தடம் மதியத்துக்குள் பள்ளமாகும், எந்த மேட்டுக்குப் பின்னால் கண் தெரியாது, கொடி காட்டுகிற மார்ஷல் எங்கே நிற்பார் என்று பார்த்தோம். அப்புறம் ஷெட்டில் அவனைக் கண்ணை மூடி உட்காரவைத்து, நான் ஸ்டாப்வாட்ச் பிடிக்க, மனசுக்குள் ஒரு லேப் ஓட்டச் சொல்வேன். விரல் இரண்டும் கிளட்ச் பிடிப்பது போல அசையும். ஆரம்பத்தில் பாதி நேரத்திலேயே முடித்துவிடுவான். மனசு திருட்டு வேலை செய்யும், கஷ்டமான வளைவை விட்டுவிட்டு நேராக அடுத்ததுக்குப் போய்விடும். இப்போது நிஜ லேப்புக்கும் அதற்கும் இரண்டு விநாடிதான் வித்தியாசம். நடுவில் எங்கேயாவது நான் "மஞ்சள்!" என்று கத்துவேன். எங்கே கத்துவேன் என்று அவனுக்குத் தெரியாது. வலது கை அந்த நொடியே தளர வேண்டும்.

ஆறு மாதம் இப்படி. அதைத்தான் நீங்கள் பயம் என்கிறீர்கள்.

இதயம் உச்சத்தில் அடித்துக்கொண்டிருக்கும், முன்கை கல்லாக இறுகி விரலுக்கு பிரேக் எங்கே என்றே தெரியாது. அந்த நேரத்தில் புதிதாக யோசிக்கத் தலைக்கு வசதி இல்லை. மோட்டோகிராஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 30 நிமிடம் ஓட்டி, அதற்கு மேல் 2 லேப் ஓட்டுகிறார்கள். முன்னாடியே எடுத்து வைத்த முடிவுதான் அங்கே கைகொடுக்கும்.

"ஜெயிக்கணும்னு வெறி இருந்தா நிக்க மாட்டான்" என்றும் ஒரு தத்துவம் வந்திருக்கிறது. பாலைவனத்தில் நாள்கணக்கில் ஓடுகிற டக்கார் ரேலியில் 2024-இல் நம்ம நாட்டு ஹரித் நோவா பைக்கில் ரேலி 2 பிரிவில் ஜெயித்தபோது ஸ்டேட்டஸ் வைத்தீர்களே, அதே டக்காரில் 2016-இல் பட்டத்துக்கு மோதிக்கொண்டிருந்த பாவ்லோ கொன்சால்வெஸ், தொடை எலும்பு உடைந்து கிடந்த மத்தியாஸ் வால்க்னருக்காக வண்டியை நிறுத்தினார். வால்க்னர் எதிரணிக்காரர். கொன்சால்வெஸுக்கு வெறி இல்லையா? "அது டக்கார், இது ஏரிப் பந்தயம்" என்பீர்கள். ஏரி மண்ணில் விழுந்தால் எலும்பு உடையாதோ?

பின்னால் வந்தவன் குதித்தானே, அவனுக்கு ஏன் பெனால்டி இல்லை என்று கேட்கிறீர்கள். அதை நடத்தியவர்களிடம் போய்க் கேளுங்கள். நான் அதற்குள் போகவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு மறந்துபோயிருக்கும். அப்போது எனக்கு 26 வயது, இதே மாதிரி மேடு, இதே மாதிரி கொடி. பார்த்தேன். பார்க்கவில்லை என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன், இன்றைக்குச் சொல்கிறேன், பார்த்தேன். குதித்தேன். கீழே கிடந்தவனுக்கு ஒரு முழம் தள்ளி என் பின்சக்கரம் இறங்கியது. ஹெல்மெட்டுக்குள் அவன் கண் என்னைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவதாக வந்தேன். என்னைத் தோளில் தூக்கிப் போனீர்கள். இப்போது முதல் ஆளாக அந்த வீடியோவைப் பகிர்ந்த நண்பர்தான் அன்றைக்கு என் இடது காலைப் பிடித்திருந்தவர். அந்தக் கோப்பையில் பழைய ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

தை மாதம் நம் பக்கத்தில் மாடு விடுகிறோம். மாட்டுக்குக் கொடி தெரியாது, அவிழ்த்துவிட்டால் ஓடும், நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அப்படி ஒன்றுதான் வேண்டும் போல. தடுப்புக்கு வெளியே நின்று விசில் அடிக்கச் சௌகரியம்.

சரி, பயம்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயந்தால் என்ன? அவன் அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலைக்குப் போகிறவர். டீக்கடையில் யாரோ போனை நீட்டி அவருக்கு வீடியோ காட்டியிருக்கிறார்கள். ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "வண்டிய வித்துடலாமா சார்?" என்றார். முன்பு இவன் பந்தயத்தில் விழுந்தபோதுகூட அவர் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

பையன் மூன்று நாள் ஷெட் பக்கமே வரவில்லை. நேற்று வந்தான். ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தான், எண்ணெய் பிழிந்தான், வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போதுதான், "அண்ணா, அன்னைக்கு விழுந்த பையன் எப்படி இருக்கான்?" என்றான்.

தோளில் கட்டு, வீட்டுக்கு வந்துவிட்டான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அத்தனை கமெண்டில் அதைக் கேட்டவர் ஒருத்தரும் இல்லை, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.