பாட்டை ஓட்டிவிட்ட புண்ணியவானுக்கு

சனிக்கிழமை திரையிடலில் நான் கத்தியது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் கத்தினேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. 'சிங்கிங் இன் த ரெய்ன்' என்ற ஹாலிவுட் பாட்டுப்படம் போய்க்கொண்டிருக்கிறது, "நேரமாகுது, பாட்டை மட்டும் ஓட்டிடலாம்" என்று பாட்டுகளைத் தாண்டிப்போக லேப்டாப்பில் கை வைக்கிறார் ஒருவர். மழைப்பாட்டை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார். பிரபலமான பாட்டாச்சே!

ஐயா, அந்தப் படத்தில் பாட்டுக்காகத்தான் கதையே எழுதினார்கள். ஆர்தர் ஃப்ரீடும் நேசியோ ஹெர்ப் பிரவுனும் முன்பே போட்டிருந்த பழைய பாட்டுகளைக் கொடுத்து, இவற்றை வைத்து ஒரு படம் பண்ணுங்கள் என்று கதாசிரியர்கள் பெட்டி காம்டனிடமும் அடால்ஃப் கிரீனிடமும் சொன்னார்கள். படம் 1952-இல் வந்தது. மழைப்பாட்டு 1929-லேயே வேறொரு படத்தில் வந்துவிட்டது. பாட்டை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிச்சம்?

நீங்கள் ஓட்டியதில் ஒன்று சொல்கிறேன். படத்தின் நாயகன் டான் பெரிய சினிமா நட்சத்திரம், ஆனால் காதலைச் சொல்ல வாய் வரவில்லை. நாயகி கேத்தியை ஆளில்லாத ஸ்டுடியோ தளத்துக்குக் கூட்டிப்போகிறான். விளக்குகளைப் போடுகிறான், பெரிய காற்றாடியைச் சுற்றவிடுகிறான், அவளை ஏணியில் ஏற்றி நிற்கவைக்கிறான். செட் போட்டால்தான் இவனுக்குக் காதல் வரும்! அவன் எப்படிப்பட்ட ஆள் என்பது முழுக்க அந்தப் பாட்டில் இருக்கிறது. அதை ஓட்டிவிட்டு, டீ குடிக்கும்போது "லவ் கொஞ்சம் அவசரமா வருது" என்று விமர்சனம் வேறு.

"நம்ம படத்தில் பாட்டு வந்தால் நீங்க எழுந்து போனதே இல்லையா?" போயிருக்கிறேன். அது வேறு. எப்படி வேறு என்று இன்னொரு நாள் எழுதுகிறேன். "பழைய படம், இழுவை" என்பவர்களுக்கு: கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் அப்போது 19 வயதுப் பெண், நடனக்காரியே இல்லை. 'குட் மார்னிங்' பாட்டை எடுத்து முடித்தபோது காலில் ரத்தம். அதையும்தான் ஓட்டினீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு குறும்பட நாயகிக்கு நான் குரல் கொடுத்தேன். சத்தம் விழும் என்று ஃபேனை அணைத்துவிட்டு, ராத்திரி ரெண்டு மணி வரை, வேர்க்க விறுவிறுக்க. டைட்டிலில் டீ வாங்கிவந்த தம்பி பெயர்கூட இருந்தது (இருக்கவேண்டியதுதான்). என் பெயர் இல்லை. கேட்டால், "விட்டுப்போச்சுங்க மேடம்."

படத்தில் லீனா என்ற நட்சத்திர நடிகைக்குக் குரல் சரியில்லை; அவளுக்கு மறைவில் நின்று குரல் கொடுப்பவள் கேத்தி. அந்தக் கேத்திக்கே 'வுட் யூ' பாட்டில் குரல் கொடுத்தவர் பெட்டி நோய்ஸ். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. கதையின் கடைசியில் திரையை இழுத்து, லீனாவுக்காகப் பாடியது கேத்திதான் என்று அரங்குக்கே காட்டுவார்கள். அவள் அழுதுகொண்டே ஓடுவாள், டான் அவளை நிறுத்தச் சொல்லிப் பாட ஆரம்பிப்பான். பன்னிரண்டு வருடமாக அந்த இடத்துக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

"ம், இதுவும் பாட்டுதான்" என்று அதையும் ஓட்டினார்.

கத்தினேன். ஆமாம். ஆனால் நாற்காலியைத் தள்ளிவிட்டேன் என்பது பொய். எழுந்த வேகத்தில் அதுவாக விழுந்தது.