கல்யாண வீட்டில் காது போகிறது

நேற்றும் ஒரு வரவேற்பு. மேடையோரம் ஆளுயர ஸ்பீக்கர், அதற்கு நேர் எதிரே எங்களுக்கு நாற்காலி. பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவை நலம் விசாரிக்கக்கூட அவர் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். கொஞ்சம் குறைக்கச் சொன்னால், "கல்யாணம்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார் சவுண்ட் மிக்சர் முன்னால் இருந்த பையன். ஏன் இருக்க வேண்டும்? எனக்கு மூன்று வருடமாக இடது காதில் 'கீ...' என்று ஒரே சத்தம், ராத்திரி ஃபேனை நிறுத்தினால் அது மட்டும்தான் கேட்கும், எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் கூடவே வரும். உட்காதில் சத்தத்தை உணரும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. சத்தத்தின் அளவு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் வரை பரவாயில்லை என்பார்கள். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு. அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே, ஒருத்தருக்கும் பதறவில்லையா? சரி என்று வெளியே வந்தால் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் ஏர் ஹாரன். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்கிறார்கள். பஞ்சு எந்தச் சத்தத்தை நிறுத்தும்? நுரை அடைப்பான் வைத்தால் அதற்கும் "காதுல என்ன, சீக்கா?" என்று கேள்வி. இன்று காலையிலிருந்து வலது காதிலும் லேசாகக் 'கீ' கேட்கிறது.