"கடுமையான உடற்பயிற்சி" என்று எழுதாதீர்கள்

"வாரத்துக்கு 75 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி தேவை" என்று நலவாழ்வுக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கிறோம். ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் விகரஸ் (vigorous). அதைக் "கடுமையான" என்று எழுதுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. கடும் வெயில், கடும் தண்டனை, கடுஞ்சொல் என்று நமக்குப் பழகிய கடுமை எல்லாமே ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டியவை. ஐம்பது வயதுக்காரர் அதைப் படித்ததும் "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்குவார். இளைஞரோ முதல் நாளே உடம்பை வருத்திக்கொண்டு மூன்றாம் நாள் படுத்துவிடுவார்.

விகரஸ் என்றால் ஊக்கத்தோடும் துடிப்போடும் முழு மூச்சாக நடப்பது. அசைவோ வளர்ச்சியோ இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. டீ, கயிறு, சுவர் எல்லாம் ஸ்ட்ராங்காக இருக்கலாம். விகரஸாக இருக்க முடியாது. அந்தக் கயிற்றைப் பிடித்து இழுப்பது விகரஸாக இருக்கலாம். எண்பது வயதிலும் சுறுசுறுப்பாக நடமாடும் பெரியவரை விகரஸ் என்று தாராளமாகச் சொல்லலாம்.

உடற்பயிற்சியில் இதற்கு அளவே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் விகரஸ் பயிற்சி. இரண்டையும் கலந்தும் செய்யலாம். விகரஸில் ஒரு நிமிடம், மிதத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குச் சமம். எது எது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், பேசிப் பார்த்தால் போதும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலைந்து சொல்லுக்கு மேல் மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால் விகரஸ். நாடித்துடிப்பை வைத்துப் பார்ப்பவர்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 77 முதல் 93 சதவீதம் என்று கொள்வார்கள். நாற்பது வயதுக்கு இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 139 முதல் 167. ஆனால் ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மாத்திரையே துடிப்பைக் குறைத்துவிடும். அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் சரி. இன்னொன்றும் கவனியுங்கள்: ஓடிப் பழகியவருக்கு மிதமாக இருக்கிற அதே வேகம், நடந்தே பழகாதவருக்கு விகரஸ் ஆகிவிடும்.

ஆகவே "மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி" என்று எழுதுங்கள். படிப்பவருக்கு அளவும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

வேளாண்மையில் நம்மவர்கள் என்றோ சரியான சொல்லைப் பிடித்துவிட்டார்கள். வீரிய ஒட்டு ரகம், விதை வீரியம். முளைப்புத்திறனும் வீரியமும் ஒன்றல்ல என்பது விதை வாங்குகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். முளைப்புச் சோதனை, எல்லா வசதியும் கொடுத்து எத்தனை விதை முளைக்கிறது என்று பார்ப்பது. மேடு பள்ளம், ஈரக்குறைவு, இறுகிய மண் எல்லாவற்றையும் மீறி ஒரே சீராக எழுந்து வருவதுதான் வீரியம். முளைப்புச் சதவீதத்தை நாற்றின் சராசரி நீளத்தால் (செ.மீ.) பெருக்கினால் வீரியக் குறியீடு. இரண்டு மூட்டையும் 85 சதவீதம் முளைக்கலாம். ஒன்றின் நாற்று 20 செ.மீ., மற்றதன் நாற்று 14 என்றால் குறியீடு 1,700-ம் 1,190-ம். ஈரப்பதம் மிகுந்தும் வெப்பத்திலும் சேமித்த விதையில் முதலில் இறங்குவது வீரியம். முளைப்பு அதற்குப் பிறகுதான் சரியும். அதனால்தான் அட்டையில் முளைப்பு நன்றாக இருந்தும் வயலில் பயிர் திட்டுத்திட்டாக வருகிறது.

ஆனால் வீரியத்தை மனிதருக்குக் கொண்டுவராதீர்கள். லேகிய விளம்பரங்கள் அந்தச் சொல்லை ஒரே பொருளில் முடக்கிவிட்டன. (ஒலி ஒத்திருந்தாலும் விகரஸும் வீரியமும் உறவில்லை. விகரஸுக்கு மூலமான விகர் லத்தீன் சொல், வெஜிடபிளுக்கு நெருங்கிய சொந்தம். வீரியம் வீரனோடு வந்த வடசொல்.)

மாணவர்கள் அதிகம் சறுக்குவது விகரஸை ரிகரஸோடு (rigorous) குழப்பிக்கொள்வதில். ரிகரஸ் என்பது கறார், விட்டுக்கொடாத கண்டிப்பு. சட்டத்தில் ரிகரஸ் சிறை என்றால் கடுங்காவல். அங்கே கடுமை சரியான சொல். ஆய்வு முறை ரிகரஸாக இருக்க வேண்டும், அதைப் பற்றிய விவாதம் விகரஸாக இருக்கலாம். குற்றச்சாட்டை விகரஸாக மறுத்தார் என்றால் வன்மையாக மறுத்தார். எழுத்துக்கூட்டலிலும் ஒரு பொறி உண்டு: பிரிட்டிஷ் முறையில் விகர் என்ற பெயர்ச்சொல்லில் கடைசி ஆர்-க்கு முன் யு வரும், விகரஸ் என்று ஆகும்போது அந்த யு விழுந்துவிடும். ஜி-க்குப் பின் ஓ, ஆர், ஓ, யு, எஸ் மட்டுமே.

மருந்துக் குறிப்புகளை மொழிபெயர்க்கும்போது விகரஸின் பொருளை விட்டுவிடவே கூடாது. பால்போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினை விகரஸாகக் குலுக்காதே என்பார்கள். அதை வெறுமனே "குலுக்க வேண்டாம்" என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் கலக்காமலே போட்டுக்கொள்வார். அடியில் தங்கிய மருந்து சரியாகக் கலக்காமல் அளவு மாறும். வேகமாகக் குலுக்கினால் நுரையும் குமிழியும் வந்து, அப்போதும் அளவு தவறும். "வேகமாகக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பத்து முறை மெதுவாக உருட்டவும், ஒரே சீரான வெண்மை வந்ததும் ஏற்றவும்" என்று எழுதுங்கள்.