ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை பங்காளி

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வர ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், "அதான் உனக்கு ஆயிரம் வருதே." கேஸ் சிலிண்டரா, அதான் வருதே. பிள்ளைக்கு நோட்டா, அதான் வருதே. மாமியாரின் பிரஷர் மாத்திரையும் இப்போது அதில்தான். போன மாசம் கொழுந்தனார் வேறு, "அண்ணி, பெட்ரோலுக்கு ஒரு இருநூறு" என்று வந்து நிற்கிறார். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருகிற மாதிரி, என் கைக்கு வரும்போது ஈரம்தான் மிச்சம்.

சரி, அறுவடையைப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது (மழை கொட்டினால் மத்திய அரசு தளர்த்தும், அது வேறு கதை), அதனால் நெல்லை ரோட்டில் கொட்டி, காலால் துழாவிக் காயவைத்து, வானம் இருட்டினால் தார்ப்பாயை இழுத்து மூடி, நடுவில் ஓடிவந்து உலை வைத்து, ஆட்களுக்கு டீயும் போட்டு அனுப்புவது நான். நிலத்துச் சிட்டா என் வீட்டுக்காரர் பேரில், பணமும் அவர் கணக்கில். செலவு நோட்டில் உழவுக்கூலி, யூரியா, லோடுமேனுக்குக் கொடுத்தது வரை இருக்கிறது, எனக்கு ஒரு வரி கிடையாது.

அப்புறம் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்களாம், ஆண்கள் 88 நிமிடம். எண்பத்தெட்டா? யார் அந்த ஆண்கள்? மன்னார்குடிப் பக்கம் ஒருத்தரையும் காணோம்.