'ஆக்சுவலி'ன்னா என்னன்னு கேட்டது தப்பா?

அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வீடியோவை நேத்திலிருந்து எத்தனை பேர் எனக்கு அனுப்பிட்டீங்க! எனக்குச் சிரிப்பு வரல. அதுல ஒரு அக்கா வாத்தியார்கிட்ட "ஆக்சுவலின்னா என்ன சார்?"னு கேட்டாங்க. அவர் பதில் சொல்லாம வகுப்பையே சிரிக்க வச்சார். காசு கட்டிப் படிக்க வந்தவங்க சந்தேகம் கேட்டது தப்பா?

சின்ன வார்த்தைக்கு அர்த்தம் சொல்றதுதாங்க கஷ்டம். 'போட்டோசிந்தசிஸ்'னா ஒளிச்சேர்க்கை, முடிஞ்சுது. 'கெட்'டுக்கு? 'பெறு'ன்னு மனப்பாடம் பண்ணோம். 'கெட் அப்'ல எதைப் பெறுறது? 'டிட் யூ கெட் இட்?'னா 'வந்துச்சா'ன்னும் அர்த்தம், 'புரிஞ்சுதா'ன்னும் அர்த்தம்.

காலேஜ் முடிச்சு முதல் இன்டர்வியூ போயிட்டு வந்தேன். அங்கிருந்து போன். "ஆம் ஐ செலக்டட் மேடம்?"னு கேட்டேன். "ஐ ஆம் அஃப்ரெய்டு நாட்"னு சொல்லி வச்சுட்டாங்க. அஃப்ரெய்டுன்னா பயம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். 'பயப்பட வேண்டாம்னு சொல்றாங்கப்பா'ன்னேன். அப்பா அன்னிக்கு சாயங்காலமே கடன் வாங்கி, வேலைக்குப் போட்டுட்டுப் போகன்னு ரெண்டு சுடிதார் எடுத்துட்டு வந்தார். 'வருத்தமா இருக்கு, கிடைக்கல'ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம்னு அடுத்த வாரம் ஒரு தோழி சொல்லித்தான் தெரிஞ்சுது. அப்பாகிட்ட அதைச் சொன்ன ராத்திரியை என்னால மறக்க முடியாது.

"இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும்"னு எழுதியிருக்கீங்க. எந்த ஸ்கூல்ல? எங்க ஸ்கூல்ல பாடத்துக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்லி, கேள்வி பதிலை எழுதிப் போட்டாங்க. 'கூகுள்ல பார்க்கலாமே'ங்கிறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. வாத்தியார் எதுக்கு உட்கார்ந்திருக்கார்?

'எளிமையாக்கினா தரம் போயிடும்'னு ஒருத்தர். கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தேன், ஏத்துக்க முடியல. டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தின மைக்கேல் வெஸ்ட் 1935ல ஒரு ஆங்கில அகராதி கொண்டுவந்தார். சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 வார்த்தைகளை வச்சே விளக்கம். 1978ல வந்த லாங்மேன் அகராதியும் சுமார் 2,000 வார்த்தைக்குள்ளயே விளக்கம் எழுதுச்சு. கத்துக்கிறவங்களுக்குப் புரியணும்னு அவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க. வாத்தியார் சார், உங்களால ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல முடியலையா?

எங்கம்மாவுக்கும் அந்த அக்கா வயசுதான் இருக்கும். பேங்க்குல ஃபாரம் நிரப்பக்கூட யார்கிட்டயும் கேட்க மாட்டாங்க. சிரிச்சிடுவாங்கன்னு பயம். அந்த அக்கா துணிஞ்சு கேட்டாங்க. இனிமே கேட்பாங்களா?

அக்கா, இதை யாராவது உங்களுக்குக் காட்டினா: ஆக்சுவலின்னா 'உண்மையில'. எதிராளி ஒண்ணு நினைச்சிட்டிருக்கார், விஷயம் வேற. அப்போ சொல்றது. 'ஆக்சுவலி, ஐ ஆம் நாட் ஃப்ரம் மதுரை.' உண்மையில எனக்கு மதுரை இல்லைங்க. அடுத்த வார்த்தை என்னன்னு கேளுங்க, சொல்றேன்.